ஒரு தாங்கி, இரண்டு சூடு: உப்புவெளியில் சூரிய சுடுநீர்த் தொகுதி, இரண்டு வருடம் பாவித்த பிறகு

சுடுதண்ணீர்த் தாங்கி வாங்கப் போகும்போது எல்லாரும் கடையில் முதலில் கேட்பது எத்தனை லீற்றர், எத்தனை வருட உத்தரவாதம் என்றுதான். நானும் அந்த இரண்டையும் கேட்டுவிட்டுக் காசைக் கட்டினேன். கேட்டிருக்க வேண்டிய மூன்றாவது கேள்வியை அப்போது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை: தாங்கிக்குள் தண்ணீர் எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும், குளிக்கிற குழாயில் எவ்வளவு சூட்டில் வர வேண்டும், இந்த இரண்டையும் தனித்தனியே வைக்க இதில் வழி இருக்கிறதா? அதைக் கேட்காமல் வாங்கியதால் என்ன நடந்தது, பிறகு எப்படிச் சரிசெய்தோம், இப்போது எப்படி ஓடுகிறது என்று விரிவாக எழுதுகிறேன். திருகோணமலைப் பக்கம் வீட்டுக்கோ விடுதிக்கோ பூட்ட நினைக்கிறவர்களுக்கு உதவும்.

எங்களுடையது உப்புவெளியில் ஐந்து அறை உள்ள சின்ன விடுதி, கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை திமிங்கிலம் பார்க்கவும் புறாத்தீவுக்குப் போகவும் வருகிற வெளிநாட்டுக்காரர், மார்கழி விடுமுறையில் உள்ளூர்க் குடும்பங்கள். திருகோணமலை வெக்கைக்குள் சுடுதண்ணீர் எதற்கு என்று சொந்தக்காரரே கேட்டார்கள். மாரி காலத்தில் வாடைக்காற்று அடிக்கிற விடியற்காலையில் கைக்குழந்தையோடு வந்து நின்று பார்த்தால் விளங்கும். என் அம்மாவுக்கு 79 வயது, முழங்கால் வலிக்காரி, வருடம் முழுக்க அவருக்கு வெந்நீர்தான். அது குளிக்கிற பக்கம். குசினிப் பக்கம் வேறு கதை: மீன் பொரித்த தாச்சி, தேங்காய்ப்பால் படிந்த சட்டி, வெயிலுக்குப் பூசுகிற களிம்பு ஊறிய படுக்கை விரிப்புகள். இவற்றுக்கு நல்ல சுடுதண்ணீர் வேண்டும். கை வைக்க இதமான தண்ணீரில் அந்த எண்ணெய் போகாது.

வாங்கியது 200 லீற்றர் தாங்கி, கீழே சரிவாக 20 கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றும் இரட்டைக் கண்ணாடி, நடுவில் காற்றில்லாத வெற்றிடம். வெயிலில் குழாய்க்குள் சூடான தண்ணீர் பாரம் குறைந்து தானாக மேலே தாங்கிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப் இல்லை, அசைகிற சாமான் எதுவும் இல்லை. மப்புக் காலத்துக்கென்று தாங்கிக்குள் கறண்டில் சூடாக்குகிற 1.5 கிலோவாற் கொயில் ஒன்றும், வைத்த சூடு வந்ததும் அதை நிறுத்துகிற ஒரு தெர்மோஸ்டாட்டும் இருக்கின்றன. சாமானைப் பற்றி எனக்குக் குறை இல்லை. முதல் கோடை முழுக்கக் கொயிலைப் போடவே இல்லை, மத்தியானத்தில் தாங்கித் தண்ணீர் 70 பாகையைத் தாண்டி நிற்கும்.

பூட்ட வந்த கம்பனிப் பொடியன்கள் அரை நாளில் வேலையை முடித்தார்கள். தெர்மோஸ்டாட்டை 70-இல் வைத்து, "கூட்டி வைத்திருக்கிறோம் அக்கா, ஒருவரும் தண்ணி சுடவில்லை என்று சொல்ல மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாங்கியிலிருந்து ஒரே பைப், அது குசினிக்கும் போனது, ஐந்து குளியலறைக்கும் போனது.

அந்த மார்கழியில்தான் அது நடந்தது. இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் தங்கியிருந்தது. சின்னவளுக்கு மூன்று வயது இருக்கும். விடியக் குளிப்பாட்ட வாளி வைத்துத் தாய் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறார். பைப்பில் தேங்கி நின்ற குளிர்ந்த தண்ணீர் முதலில் வந்திருக்கிறது, சூடு வரவில்லை என்று நினைத்து அவர் சவர்க்காரம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் பிள்ளை கையை நீட்டிவிட்டது. நான் ஓடிப் போனபோது கை சிவந்து, பிள்ளை மூச்சு விடாமல் அழுதுகொண்டிருந்தது. ஓடுகிற குளிர்ந்த தண்ணீருக்குள் 20 நிமிடம் கையைப் பிடித்திருந்தோம். கொப்புளம் வரவில்லை, தோல் உரியவில்லை, மத்தியானம் பிள்ளை விளையாடத் தொடங்கிவிட்டது. அந்தத் தாய் என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய ஆபத்தைக் கடந்திருக்கிறோம் என்று தெரிந்தது. 60 பாகைத் தண்ணீரில் வளர்ந்த ஆளின் தோலே ஐந்து நொடி அளவில் ஆழமாக வெந்துவிடும். 70-இல் ஒரு நொடியே போதும். அதே தோல் 49 பாகையில் பல நிமிடம் தாங்கும். பிள்ளைகளின் தோல் மெல்லியது, வயதானவர்களின் தோலும் அப்படித்தான், அவர்களுக்குக் கையை இழுக்கவும் நேரம் எடுக்கும். பத்துப் பாகை கூடினால் பத்துப் பங்கு கவனம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது நிமிடத்துக்கும் நொடிக்கும் உள்ள வித்தியாசம்.

உடனே நான் செய்தது, யாரும் செய்வதுதான்: தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்கினேன். அதில் மூன்று பிழை இருந்தது.

முதலாவது, தெர்மோஸ்டாட் கொயிலை மட்டும்தான் கட்டுப்படுத்தும், வெயிலுக்கு அது சொல்லி விளங்காது. நான் 45-இல் வைத்திருந்தாலும் நல்ல வெயில் நாளில் தாங்கி 75-க்குப் போகும். குமிழைத் திருகிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நான் நினைத்திருந்த நாட்களில் பயம் அப்படியே தாங்கிக்குள் இருந்தது. சூரியத் தொகுதி வைத்திருக்கிற எல்லாரும் இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள்.

இரண்டாவது, மப்பு நாட்களில் தண்ணீர் போதவில்லை. இது எனக்கு முதலில் விளங்கவே இல்லை, தாங்கி அதே 200 லீற்றர்தானே, ஏன் ஏழாவது ஆளோடு முடிகிறது? கணக்குப் பார்த்தேன். எங்கள் குழாய்த் தண்ணீர் மாரியில் 28 பாகை அளவில் வரும், ஆள் குளிப்பது 40 பாகையில். தாங்கி 60-இல் இருந்தால் மூன்று பங்கு சுடுதண்ணீருக்கு ஐந்து பங்கு பச்சைத்தண்ணீர் கலக்கலாம், ஆகவே 200 லீற்றரிலிருந்து 530 லீற்றர் குளிக்கிற தண்ணீர் வரும். தாங்கி 45-இல் இருந்தால் கலக்க அவ்வளவு இடமில்லை, 280 லீற்றர்தான். ஓராள் சவரில் 40 லீற்றர் என்று வைத்தால் முதல் கணக்கில் 13 பேர், இரண்டாவதில் 7 பேர். ஐந்து அறை நிரம்பினால் எங்களிடம் பத்துப் பேர். 300 லீற்றர்த் தாங்கி வாங்கலாமா என்று என் கணவர் கடையில் விலைகூடக் கேட்டுவிட்டு வந்தார். நல்ல வேளை வாங்கவில்லை.

மூன்றாவது, மணம். இரண்டு கிழமை மழைக்குப் பிறகு சுடுதண்ணீரைத் திறந்தால் கூழ்முட்டை மணம் அடித்தது. தாங்கி அரிக்காமல் இருக்க உள்ளே மக்னீசியம் கோல் ஒன்று தொங்கும், தாங்கிக்குப் பதிலாகத் தான் கரைந்து போவதுதான் அதன் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகுகிற ஒருவகைப் பக்டீரியா அந்தக் கோலோடும் தண்ணீரில் உள்ள சல்பேற்றோடும் சேர்ந்தால் அந்த மணம் வரும். மணம் வெறும் அருவருப்புத்தான். மணமே இல்லாமல் வருகிற லெஜியோனெல்லா என்ற கிருமிதான் பயப்பட வேண்டியது, 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாடு ஒன்றில் பலரை நியூமோனியாவில் வீழ்த்தி அந்தப் பெயரை வாங்கியது. 20-க்கும் 45-க்கும் இடைப்பட்ட தேங்கிய தண்ணீரில் அது பெருகும், சவரிலிருந்து தெறிக்கிற நுண்துளியோடு நெஞ்சுக்குள் போகும். 60 பாகையில் சில நிமிடங்களில் பெரும்பாலும் செத்துவிடும். அதனால்தான் தாங்கியில் சேர்த்து வைக்கிற தண்ணீர் 60-க்குக் குறையக்கூடாது என்கிறார்கள். பிள்ளையைக் காப்பாற்ற என்று 45-இல் வைத்த நான், அந்தத் தண்ணீரைத்தான் அம்மாவுக்குக் குளிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில்தான் லண்டனில் இருக்கிற என் தம்பி வருகிறான். வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் சொல்லிக் கவலைப்பட்டபோது அவன் போனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் குசினிச் சுவரில் மாட்டியிருக்கிற பொயிலரைக் காட்டினான். அதில் இரண்டு குமிழ். ஒன்றின் பக்கத்தில் ரேடியேற்றர் (சுடுதண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்குகிற சுவர்த் தகடு) படம், மற்றதன் பக்கத்தில் குழாய்ப் படம். "பார் அக்கா, வீட்டைச் சூடாக்குகிற தண்ணிக்கு ஒன்று, கை கழுவுகிற தண்ணிக்கு ஒன்று, இரண்டுக்கும் ஒரே சூடு வேண்டியதில்லை" என்றான்.

அவர்கள் நாட்டு விசயம் வேறுதான், ஆனாலும் அவன் சொன்னதில் நான் கேட்டறிந்ததை எழுதுகிறேன், அங்கே இருக்கிற எங்கள் ஆக்களுக்கும் பயன்படும். அவனுடையது கொம்பி பொயிலர், தாங்கி கிடையாது, குழாயைத் திறந்தால் அந்த நேரமே வாயுவில் சூடாக்கித் தரும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரேடியேற்றர்க் குமிழ் 75-க்கும் மேலே நின்றது, ரேடியேற்றரில் கை வைக்க முடியாது. குளிர் நாட்டில் அப்படித்தான் இருக்கும் என்று அவனும் விட்டிருந்தான். ஆனால் இப்போதுள்ள பொயிலர்கள், இங்கிலாந்தில் 2005-க்குப் பிறகு பூட்டியவை அநேகமாக எல்லாம், புகையோடு போகிற நீராவியை உள்ளேயே தண்ணீராக்கி அதிலுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிற வகை. அந்த வேலை நடக்க வேண்டுமென்றால் வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். 75-இல் அனுப்பினால் திரும்பி வருவதும் சூடாகவே வரும், வாயுவுக்குக் கட்டிய காசில் ஒரு பங்கு நீராவியாகச் சுவர் வழியே வெளியே போகும். அவன் ரேடியேற்றரை 55-க்கும் குழாயை 50-க்கும் இறக்கினான். வீடு சூடாக முன்னரைவிட நேரம் எடுக்கிறது, ஆகவே கொஞ்சம் முந்தியே போட்டுவிடுகிறான். பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்கிறான்.

ஆனால் அவனே ஒரு எச்சரிக்கையும் சொன்னான். அவனுடைய கூட்டாளி வீட்டில் பொயிலரோடு சுடுநீர்த் தாங்கியும் இருக்கிறது. அங்கே பொயிலரில் ஒரே குமிழ், அதை 55-க்கு இறக்கினால் தாங்கியும் 60-க்கு ஏறாது, பிறகு எனக்கு வந்த அதே கிருமிப் பிரச்சினைதான். அப்படிப்பட்ட வீட்டில் தாங்கியைச் சூடாக்கும்போது ஒரு சூடும் ரேடியேற்றருக்கு வேறொரு சூடுமாகத் தானாக மாறுகிற கட்டுப்பாட்டைத் தனியாகப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் குமிழைத் தொடக்கூடாது. வாயுப் பொயிலருக்குள் கை வைப்பது அனுமதி பெற்ற ஆட்களின் வேலை, குமிழைத் திருகுவது மட்டும்தான் வீட்டுக்காரர் வேலை என்றும் சொன்னான்.

எனக்கு அந்தப் பேச்சில் பிடிபட்டது இதுதான். எங்களிடம் ரேடியேற்றர் இல்லை, ஆனால் எங்கள் விடுதியிலும் இரண்டு வேலை இருக்கின்றன, சேர்த்து வைப்பதும் குசினி வேலையும் ஒன்று, உடம்பில் ஊற்றுவது மற்றது. ஒரு குமிழால் இரண்டையும் ஆள முடியாது. எங்கள் தாங்கியில் இரண்டாவது குமிழ் இல்லை, ஆகவே அதை வெளியில் பூட்ட வேண்டும்.

அந்த இரண்டாவது குமிழின் பெயர் மிக்ஸிங் வால்வு. உள்ளங்கை அளவு பித்தளைச் சாமான், ஒரு பக்கம் சுடுதண்ணீர் உள்ளே, மறுபக்கம் பச்சைத்தண்ணீர் உள்ளே, நடுவால் கலந்த தண்ணீர் வெளியே. உள்ளே மெழுகு அடைத்த சின்னக் குப்பி ஒன்று இருக்கிறது. சூடு கூடினால் மெழுகு விரிந்து சுடுதண்ணீர் வழியை நெருக்கும், சூடு குறைந்தால் சுருங்கி விரித்துவிடும். கறண்ட் தேவையில்லை. நல்ல வால்வாக இருந்தால் பச்சைத்தண்ணீர் திடீரென்று நின்றுபோனால் சுடுதண்ணீரையும் தானே மூடிவிடும். மேல் தாங்கி வெறுமையாகிப்போகிற எங்கள் ஊர் வீடுகளுக்கு அந்தக் குணம்தான் மிக முக்கியம். வாங்கிப் பூட்டியதும் பச்சைத்தண்ணீரை மூடிச் சோதித்துப் பாருங்கள், சில நொடிக்குள் சவரும் நிற்க வேண்டும். எங்களுடையது நின்றது.

முதல் வால்வில் ஏமாந்தோம். திருகோணமலை என்.சி. வீதியில் வாங்கியது, சாமான் தரமானது, ஆனால் பம்ப் வைத்து அழுத்தம் கூட்டிய வீட்டுக்கு உரியது. பூட்டியதும் சவரில் தண்ணீர் நூலாக விழுந்தது. பைப் வேலை செய்கிற தம்பி பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து வாசித்தார், குறைந்தது 1 பார் அழுத்தம் வேண்டும் என்று இருந்தது. 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிற தண்ணீருக்குத்தான் 1 பார் வரும். எங்கள் மேல் தாங்கி சவருக்கு மேலே 3 மீற்றர்தான், அதாவது 0.3 பார். "அக்கா, இது எங்களுக்குச் சரிவராது, காசை வீணாக்காமல் திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்லி அவரே கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துத் தந்தார். குறைந்த அழுத்தத்துக்கென்று இருக்கிற வால்வைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம், பத்து நாள் பிடித்தது. கடையில் கேட்கும்போது அளவு மட்டும் சொல்லாமல் "மேல் தாங்கித் தண்ணீர், பம்ப் இல்லை" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. தாங்கியிலிருந்து வருகிற பைப்பை அவர் இரண்டாகப் பிரித்தார். குசினிக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் போகிற கிளை வால்வுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும், அங்கே தாங்கிச் சூடு அப்படியே வரும். அந்த இரண்டு குழாயையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துச் சிவப்புக் கைபிடி போட்டார். குளியலறைகளுக்குப் போகிற கிளையில் வால்வு. இரண்டு பக்க வாசலிலும் ஒருவழி வால்வு வைத்தார், இல்லாவிட்டால் குழாய்கள் மூடியிருக்கிற நேரத்தில் சுடுதண்ணீர் மெல்ல மெல்லப் பச்சைத்தண்ணீர் பைப்புக்குள் ஊர்ந்துவிடும் என்றார். பூட்டி முடித்தபின் வெப்பமானியோடு ஐந்து அறைக்கும் நடந்து ஒவ்வொரு குழாயிலும் பிடித்துப் பார்த்து எழுதினார். வால்வில் 43 வைத்தால் பக்கத்து அறையில் 42, கடைசி அறையில் 41. கம்பனி ஆட்கள் ஒரு குழாயைக்கூட இப்படிப் பிடித்துப் பார்க்கவில்லை.

ஏன் 43? திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்கு அது விளங்கும். ஏழு கிணறும் ஒன்றை ஒன்று ஒட்டித்தான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் கொஞ்சம் வேறு, எல்லாம் 40 பாகையை ஒட்டித்தான். சின்ன வயதில் அம்மா எங்களைக் கூட்டிப்போய் சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி வாளியால் அள்ளி ஊற்றுவார். அந்த ஏழு கிணற்றுச் சூட்டுக்குள் எங்கள் ஊர் உடம்புக்கு வேண்டிய இதமெல்லாம் அடங்கிவிடும். குளியலறைக் குழாயில் அதற்கு மேல் ஒரு பாகையும் எனக்குத் தேவைப்படவில்லை. அம்மாவின் அறை கடைசி அறை, அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல்லும் அதுதான்: "கன்னியாத் தண்ணி மாதிரி இருக்கு."

இப்போது தெர்மோஸ்டாட் 60-இல் இருக்கிறது. 70-இல் வைக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், 60-க்கு மேலே போகப் போகச் சுண்ணாம்பு கொயிலில் கெதியாகப் படியும். கொயிலுக்கு நேரக்கடிகாரம் பூட்டிப் பின்னேரம் 5-இலிருந்து இரவு 9 வரை மட்டும் கறண்ட் போக விட்டிருக்கிறேன். பகல் முழுக்க வெயில் தன் வேலையைச் செய்யட்டும், குறையை மட்டும் கொயில் நிரப்பட்டும். விடியப் போட்டால் வெயில் இலவசமாகத் தர இருந்ததைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். 200 லீற்றரை 28-இலிருந்து 60-க்கு முழுதாகக் கறண்டில் ஏற்ற 7.4 அலகு போகும், 1.5 கிலோவாற் கொயிலுக்கு ஐந்து மணித்தியால வேலை. மாரியிலும் தாங்கி முழுதாகக் குளிர்ந்துபோகிற நாள் குறைவு, மப்புக்குள்ளும் வெயில் 40 வரை கொண்டுவந்துவிடும், ஆகவே நான்கு மணித்தியாலம் போதுகிறது. விடாமல் மழை பெய்த நாட்களில் மட்டும் கையால் கூட்டிவிடுகிறேன். குளிக்க 45 போதுமே, 60-க்கு ஏற்றக் கறண்ட் வீண்தானே என்று என் கணவர் கேட்டார். கலக்கும்போது அந்தச் சூடு எங்கேயும் போய்விடவில்லை, பச்சைத்தண்ணீருக்குள் போய்க் கூடுதல் ஆட்களைக் குளிப்பாட்டுகிறது. தாங்கிச் சுவரால் இரவில் கசிவது மட்டும்தான் நட்டம், நல்ல உறை போட்ட தாங்கியில் அது சின்ன நட்டம்.

கோடையில் பிரச்சினை மறுபக்கமாக வந்தது. கச்சான் காற்றுக் காலத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் அதுவே சுடும். கறுப்பு மேல் தாங்கி, கொங்கிறீட் தட்டில் வெயிலில் கிடக்கிற பைப், இரண்டும் சேர்ந்து 38 பாகைக்குக் கொண்டுவந்துவிடும், பைப்பில் தேங்கிய முதல் இரண்டு லீற்றர் அதைவிடக் கூட. மிக்ஸிங் வால்வால் தனக்குள் வருகிற பச்சைத்தண்ணீரைவிடக் குளிர்ந்ததைத் தர முடியாது. ஆகவே மேல் தாங்கிக்குக் கிடுகால் பந்தல் போட்டு, பைப்புக்கும் வெயில் படாமல் உறை சுற்றினோம். நான்கு பாகை இறங்கியது. சுடுதண்ணீருக்குச் செலவழித்ததைவிட இந்தக் கிடுகுக்குத்தான் விருந்தினர்கள் நன்றி சொல்கிறார்கள்.

ஆட்கள் இல்லாத கோடை நாட்களில் சூரியத் தாங்கி கொதிக்கும் அளவுக்குப் போகும். மேலே காற்றுக் குழாயால் நீராவி வருவதைப் பார்த்து முதல் வருடம் பயந்துவிட்டேன். தாங்கிக்கும் அது கூடாது. இப்போது அறை நிரம்பாத நாட்களில் கண்ணாடிக் குழாயில் பாதியைக் கிடுகால் மூடிவிடுவேன். காலையில் குழாய்கள் சூடாகும் முன்னரே மூட வேண்டும், மத்தியானத்தில் கிட்டப் போகக்கூடாது.

பராமரிப்பு இங்கே கொழும்பு, கண்டி மாதிரி இல்லை. கடலுப்பு எல்லாவற்றையும் தின்னும். வெளியில் தெரிகிற திருகாணிகள் ஒரு வருடத்தில் துருப்பிடித்து, நான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கியே என்றாலும் உவர்த்தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிபடும், ஆகவே தாங்கிக்குக் கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரை மட்டும் விடப் பார்க்கிறோம், அது நிற்கிற நாளில்தான் கிணறு. மக்னீசியம் கோல் ஐந்து வருடம் நிற்கும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். 14-ஆம் மாதத்தில் கழற்றிப் பார்த்தபோது பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். கண்ணாடிக் குழாய்களின் அடியில் வெள்ளிப் பூச்சு ஒன்று தெரியும். அது வெள்ளையாக மாறினால் வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாய் இனிச் சரியாகச் சூடாக்காது. ஒரு குழாய் அப்படிப் போய் மாற்றினோம். மிக்ஸிங் வால்வின் வலைச் சல்லடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வினாகிரிக்குள் ஊறவிட்டால் சுண்ணாம்பு கழன்றுவிடும், அதைச் செய்யாத ஒரு தடவை 43-இல் வைத்த வால்வு 47-க்கு ஏறியிருந்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வெப்பமானி பிடிக்காமல் விடுவதில்லை.

மதிப்பெண் கேட்டால் தாங்கிக்கும் கண்ணாடிக் குழாய்களுக்கும் ஐந்துக்கு நான்கு. மிக்ஸிங் வால்வுக்கு ஐந்துக்கு ஐந்து, சரியான வகையை வாங்கினால். பூட்டிக் கொடுத்த கம்பனியின் சேவைக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன். பலரும் வந்து பாவிக்கிற வாடகை அறைகள் உள்ள இடத்தில் 70 பாகைத் தண்ணீரை நேரடியாகச் சவருக்கு விட்டுவிட்டுப் போனார்கள், மக்னீசியம் கோலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, குழாய் போனபோது மூன்று கிழமை போன் எடுக்கவில்லை. உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் உவர்த்தண்ணீர் பட்டால் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. கரையோர ஊருக்கு விற்கும்போது அதை முன்பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு குளியலறை, ஒரு சின்னக் கீசர் மட்டும் உள்ளவர்கள் இவ்வளவு வேலை செய்யத் தேவையில்லை. 15 லீற்றர்க் கீசரைக் குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் நிறுத்துகிறவர்களுக்குக் கலக்கிற குழாய் ஒன்று போதும். சின்னப் பிள்ளை இருந்தால் முதலில் பச்சைத்தண்ணீரை வாளியில் நிரப்பிவிட்டுப் பிறகு சுடுதண்ணீரைச் சேர்க்கிற பழக்கத்தை எல்லாருக்கும் பழக்குங்கள். பல நாள் பாவிக்காமல் கிடந்த கீசர் என்றால் முழுதாகச் சூடாக்கிவிட்டு, சவரைப் பாவிக்காமல் கீழ்க் குழாயால் கொஞ்சம் ஓடவிட்டுப் பிறகு குளியுங்கள். தாங்கி பெரிதாகி, பைப் நீண்டு, பல பேர் குளிக்கத் தொடங்குகிற இடத்தில்தான் வால்வுக்குக் காசு போட வேண்டும், அந்த இடத்தில் போடாமல் விடக்கூடாது.

இன்னும் சரிவராதது ஒன்று இருக்கிறது. அம்மாவின் அறை வரை பைப் 18 மீற்றர். வால்வுக்குப் பிறகு அந்தப் பைப்பில் தேங்கி நிற்கிற தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும், நான் தாங்கியில் தவிர்க்கப் பார்க்கிற அதே சூட்டில். இப்போதைக்கு விடியக் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து, வாசலில் நிற்கிற செவ்வரத்தைக்கு ஊற்றிவிட்டுத்தான் அவரைக் குளிக்க விடுகிறேன். அடுத்த மாரிக்கு முன் அவருடைய குளியலறைக்குள்ளேயே தனியாக ஒரு சின்ன வால்வு வைத்து, அதுவரைக்கும் 60 பாகைத் தண்ணீரையே கொண்டுபோகப் போகிறோம். பைப் வேலை செய்கிற தம்பி அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார், வால்வு கொழும்பிலிருந்து வர வேண்டும்.